ஐஸ்கிறீம் பெட்டிக்குள் அட்டைகள்

என் மனுசன் அருள்நேசன் எங்கள் பிறிட்ஜுக்குள் அட்டை வளர்க்கத் தொடங்கிய அன்றே நான் அவரை வீட்டை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. அவரைத் துரத்தினால் முன்னறையில் கிடப்பவரை யார் பார்ப்பது? முன்னறையில் கிடந்தவர் என் அண்ணை றெஜினோல்ட். பக்கவாதம் வந்து, இடப்பக்கம் முழுக்கச் செத்துப்போய், ஆஸ்பத்திரி கொடுத்துவிட்ட கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அண்ணை லண்டனில் சட்டன் பக்கம் தனியாக இருந்தவர். கலியாணம் கட்டவில்லை. எங்கள் எல்லோருக்கும் கட்டிவைத்தே களைத்துப்போனாராம், அவரே சொல்லுவார். ஒக்ரோபரில் குளியலறைக்குள் விழுந்தார். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர் பிளேஸ்டோவில் இருக்கும் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். நானோ ஒரு முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்ட். ஊரான் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பளம் எடுக்கிறேன். என் சொந்த அண்ணையை என் மனுசன் குளிப்பாட்டினார். அவருக்குப் பார்சல் டிப்போவில் பின்னேர வேலை, பகலில் வீட்டில் நிற்பார். குளிப்பாட்டினார், துடைத்தார், பம்பர்ஸ் மாற்றினார். ஒரு நாளும் தவறவிடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு முதல் செருப்புக் கதை. மனுசன் மன்னார்ப் பக்கம், பேசாலை. ஏஜென்சிக்காரன் அவரை எந்தெந்த நாட்டுக்குள்ளாலோ இழுத்து வந்தான். வழியில் ஒரு வீட்டில் நிறையப் பெடியளோடு அடைபட்டுக் கிடந்தபோது பொலிஸ் வந்துவிட்டது. இருட்டுக்குள் கையில் அகப்பட்ட செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஹீத்ரோவில் வந்து இறங்கிய நேரம் இவருடைய ஒரு காலில் நீல ரப்பர்ச் செருப்பு, மற்றக் காலில் மண்ணிறத் தோல் செருப்பு. அதுவும் ஜனவரி மாதம். கூட்டிவரப் போனவர் என் அண்ணை. அன்றிலிருந்து ஞானஸ்நானம், கலியாணம், பிறந்தநாள் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அண்ணை கிளாசைக் கையில் எடுத்ததும் கதை தொடங்கிவிடும். "ஒரு கால் மன்னாரிலையிருந்து வந்தது, மற்றக் கால் எங்கையிருந்து வந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது!" சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மனுசனும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை அண்ணையிடம் தனியாகச் சொன்னேன், அந்தக் கதையை விடச் சொல்லி. அடுத்த பார்ட்டியில் அதையும் சேர்த்துச் சொன்னார். "தங்கச்சி அழுகிறா, செருப்பைப் பற்றிக் கதைக்க வேண்டாமாம்." என் அண்ணை நல்லவர், உதவி செய்தவர், ஆனால் செய்த உதவியை ஒருவரையும் மறக்கவிடமாட்டார். என் மனுசன் இருபது வருடமாக ஒன்றையும் மறக்கவில்லை. இப்படியான இரண்டு பேரை ஒரே வீட்டுக்குள், ஒருவரைக் கட்டிலிலும் மற்றவரைக் கையில் ஈரத்துணியோடும் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்வந்தேன்.

இனி அட்டை. மனுசனுக்கு மீன்பிடியில் விசர். பேசாலை என்றதும் கடல், வலை, வள்ளம் என்று கற்பனை பண்ண வேண்டாம். அவருடைய தகப்பன் தபால் கந்தோரில் வேலை செய்தவர், இவருக்கு வள்ளத்தில் ஏறினால் சத்தி வரும். இங்கே வந்த பிறகுதான், டிப்போவில் கூட வேலைசெய்த ஒரு போலந்துக்காரன் பழக்கிவிட்டான். விறைக்கிற குளிரில் லீ ஆற்றங்கரையில் மடக்குக் கதிரையைப் போட்டு இருப்பார்கள். முதுகில் முள் உள்ள பேர்ச் மீன் ஏதாவது மாட்டினால் படமெடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தடவி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். வருகிற வழியில் கிறீன் ஸ்ட்ரீட்டில் குழம்புக்கு விளைமீன் வாங்கி வருவார். இதைக் கேட்டால் எனக்கு விளங்காதாம்.

குளிர் கூடினால் தூண்டிலுக்கு மண்புழு சரிவராது, விறைத்துத் தொங்கும், மீன் தொடாது என்று அந்தப் போலந்துக்காரன் சொல்லி, ஒரு போத்தல் நிறைய அட்டை கொடுத்துவிட்டான். கறுப்பும் பச்சையுமாக வழுவழுவென்ற அட்டைகள். பழைய வனிலா ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியில் ஊசியால் துளை போட்டு, உள்ளே தண்ணீர் விட்டு, மரக்கறித் தட்டுக்குக் கீழே வைத்தார். எங்கள் வீட்டு பிறிட்ஜில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததே இல்லை. ஒன்றில் பருப்பு இருக்கும், ஒன்றில் ஆட்டிறைச்சி இருக்கும். இனி ஒன்றில் அட்டை.

"சாப்பாடு வைக்கிற இடத்தில உதென்ன வேலை? உங்களுக்கு விசரே?"

"குளிருக்குள்ள இருந்தா அதுகள் சுருண்டு நித்திரை கொள்ளும். தீன்கூடத் தேவையில்லை. தண்ணியை மட்டும் மாத்தினாப் போதும்."

முதல் வந்த அட்டைகள் இரண்டு நாளில் செத்து வெளுத்துப்போயின. பைப் தண்ணீரில் உள்ள குளோரின் அதுகளுக்கு நஞ்சாம். எனக்குப் பரம சந்தோசம். மனுசன் விடவில்லை, இன்னொரு போத்தல் வாங்கி வந்தார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, மணம் போகட்டும் என்று குளியலறையில் நாள் முழுக்கத் திறந்து வைத்தார். கால் தடக்கி நான் வாளியோடு விழப் பார்த்தேன். போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். பிறகு கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி வந்தார். "மனுசர் பைப் தண்ணி குடிக்கிறம், உங்கட அட்டைக்குப் போத்தில் தண்ணியோ?" என்று அதற்கும் கத்தினேன். அதற்குப் பிறகு வாளியும் இல்லை, போத்தலும் இல்லை. ஆனால் அட்டைகள் சாகவில்லை, கொழுகொழுவென்று இருந்தன. எப்படி என்று நான் கேட்கவில்லை. சத்தம் போட்டு வென்றுவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு.

அண்ணையின் தலைமாட்டில் சின்னப் பீடம் ஒன்று செய்து வைத்திருந்தேன். லூர்து மாதா சுரூபம், மின்சார மெழுகுதிரி, பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கான். ஓகஸ்ட் திருநாளுக்கு நம்மட ஆட்களோடு கோச் பிடித்துப் பிரான்சுக்கு, லூர்துக்குப் போனபோது, அங்கே பைப்படியில் வரிசையில் நின்று நானே பிடித்து, மடியில் வைத்துக் கொண்டுவந்த மாதாவின் தண்ணீர். தினமும் ஷிப்டுக்குப் போக முதல் அண்ணைக்கு அதில் ஒரு கரண்டி. அதையும் வெறுமனே கொடுக்க முடியாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் நரம்பு பலவீனம், தண்ணீர் நெஞ்சுக்குள் போனால் நியூமோனியா வரும். அதனால் ஆஸ்பத்திரி தந்த மாவைக் கலந்து, கஞ்சி பதத்துக்குத் தடிப்பாக்கி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி ஊட்டுவேன். அவர் எழும்ப வேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர், பம்பர்சோடு சாகக் கூடாது.

டிசம்பரில் ஒரு நாள் ஷிப்ட் வேளைக்கு முடிந்து வந்தேன். முன்னறைக் கதவைத் திறந்தால் மனுசன் கட்டில் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் ஐஸ்கிறீம் பெட்டி, தூண்டில் ஊசிகள். அண்ணையின் செத்த இடக்கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்திருக்கிறார். உள்ளங்கையில் ஒரு அட்டை. பிறிட்ஜிலிருந்து எடுத்த அட்டை முதலில் உருண்டை பிடித்துக் கிடக்கும், சூடு பட்டால்தான் மெல்ல நீளும். அண்ணையின் கைச்சூட்டில் அதை எழுப்பிக்கொண்டிருக்கிறார்.

"தெரியுதோ மச்சான்? நடக்குது பாருங்கோ. ஒண்டும் தெரியேல்லையோ?" குரலில் அப்படி ஒரு மரியாதை. "பயப்பிடாதேங்கோ, இது மனுசரைக் கடிக்கிற சாதி இல்லை. ஊசியைப் பின்பக்கத்தால ஏத்தினாலும் மணிக்கணக்கா நெளியும், சாகாது. உங்களைப்போலத்தான்."

அண்ணைக்கு அப்போது வாயில் ஒரு சொல்லும் வராது. கண்ணீர் காதுக்குள் வடிந்துகொண்டிருந்தது. நான் கையில் இருந்த ஹேண்ட்பேக்கால் மனுசனின் முதுகில் அடித்தேன். திரும்ப ஓங்கியபோது அண்ணையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பார்த்தால், அட்டை ஏறிக்கொண்டிருந்த சின்னவிரல் அசைகிறது. மடங்கியது, நிமிர்ந்தது. திரும்பவும் மடங்கியது.

"மாதாவே!" என்று நான் முழங்காலில் விழுந்துவிட்டேன். மனுசன் அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் முதல் மாதாவின் தண்ணீர் இரண்டு கரண்டியாகியது.

அதன் பிறகு அண்ணை எழும்பத் தொடங்கினார். கிறிஸ்மசுக்குக் கையை வயிறு வரைக்கும் தூக்கினார். புதுவருடத்துக்குப் பிறகு குழறிக் குழறிப் பேச்சு வந்தது. பிசியோவுக்கு வருகிற ஹம்சினி சென்னைப் பிள்ளை, சுறுசுறுப்பானவள். "ஆன்ட்டி, இந்த ஸ்டேஜ்ல நெறைய பேர் விட்டுடுவாங்க. உங்க அண்ணா விடவே மாட்டேங்கிறாரு. நான் பத்து தடவை சொன்னா அவரு இருபது தடவை பண்றாரு," என்பாள். அவள் போன பிறகும் அண்ணை கட்டில் சட்டத்தைப் பிடித்துக் காலைத் தூக்கித் தூக்கிப் போடுவார், வேர்த்துக் கொட்டும்.

ஒரு விடியல் கரண்டியை வாயில் வைக்கப் போனபோது என் கையைப் பிடித்தார். "பியற்றிஸ், அவ என்னைப் பாத்திட்டா," என்றார்.

"ஆர் அண்ணை?"

கண்ணால் சுரூபத்தைக் காட்டினார். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பூசை நேரத்தில் கோவிலுக்கு வெளியே நின்று அரசியல் கதைத்தவர். ஊரில் உள்ள எல்லோரையும் இவர் பார்த்தார், இவரை யாரும் பார்க்கவில்லை என்ற குறை உள்ளுக்குள் இருந்திருக்கிறது. எனக்கு இவ்வளவு நாளும் அது தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

என் வாய் சும்மா இருக்குமா? செபக்கூட்டத்து வட்ஸ்அப்பில் அண்ணை நடை பழகுகிற ஃபிறேமைப் பிடித்து நிற்கிற படத்தைப் போட்டேன். நடத்துகிற டெய்சி ரீச்சர் உடனே போன் எடுத்தா. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லி நன்றி செலுத்துவது என்று முடிவாகியது. அண்ணை அவர்கள் முன்னால் நடப்பார் என்று நானே எழுதிவிட்டேன்.

அன்று வெளியே சரியான குளிர், ஆலங்கட்டி மழை. முன்னறை நிறையச் சனம், ஜன்னல் எல்லாம் ஆவி பிடித்துப்போயிற்று. காலையில் அண்ணைக்குத் தாடி வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்துவிட்டவர் என் மனுசன்தான். ஒரு கீறல் இல்லாமல் வழித்திருந்தார். செபமாலை முடிந்ததும் அண்ணை ஃபிறேமைப் பிடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, எழும்பினார். ஒரு காலை வைத்தார். இழுத்து மற்றக் காலையும் வைத்தார். கட்டிலிலிருந்து பீடத்தைச் சுற்றிக் கதவடி வரைக்கும் போய்த் திரும்பினார். சனம் அழுதது. டெய்சி ரீச்சர் மாதா பாட்டு எடுத்தா. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான ஒரு மணித்தியாலத்தை எனக்கு ஞாபகமில்லை.

"றெஜி அண்ணை, ஒரு சாட்சியம் சொல்லுங்கோ," என்றா ரீச்சர்.

அண்ணை கதிரையில் இருந்துகொண்டு பாதி வாயால் சொன்னார். மாதாவுக்கு நன்றி சொன்னார். எனக்கு நன்றி சொன்னார். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு மனுசன் நின்றுகொண்டிருந்தார். அண்ணை அவரைப் பார்த்தார். "இவனும் என்னைக் கழுவினவன்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஆனால் முன்னால் சனம் இருக்கிறது, எல்லாக் கண்ணும் அவர் மேல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணைக்கு ஒரு சபை கிடைத்திருக்கிறது.

"இவன் வந்து இறங்கேக்க... ஒரு கால் மன்னாரிலையிருந்து..."

மிச்சத்தைச் சனமே சேர்ந்து சொல்லிச் சிரித்தது. கதை எல்லோருக்கும் பாடம். அண்ணையும் சிரித்தார், எச்சில் வடிந்தது. நானும் சிரித்தேன். சந்தோசத்தில் சிரித்தேனா, பழக்கத்தில் சிரித்தேனா தெரியாது, சிரித்துவிட்டேன். மனுசன் என்னைப் பார்த்தார். தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். பிறிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது.

வந்து ஐஸ்கிறீம் பெட்டியைப் பீடத்தில், சுரூபத்துக்கு முன்னால் வைத்து மூடியைக் கழற்றினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"எல்லாரும் வடிவாப் பாருங்கோ," என்றார். "பைப் தண்ணியில இதுகள் சாகும். வாளியில வைச்சா இவ கத்துறா, போத்தில் வாங்கினாலும் கத்துறா. உந்தக் கானுக்குள்ள இருந்த தண்ணியில ஒண்டும் சாகேல்லை. நல்ல தண்ணி, மச்சான். அதை வேற போத்திலுகளில ஊத்தி ஒளிச்சு வைச்சிட்டு, நான் கானைப் பைப்பில நிரப்பி வைச்சன். உங்கட விரல் அசைய முதலே கானுக்குள்ள மாதாவின்ர தண்ணி இல்லை. பிறகு நீங்கள் குடிச்சது முழுக்கப் பிளேஸ்டோப் பைப் தண்ணி. மாதா இஞ்ச, என்ர அட்டையளோட இருக்கிறா."

எனக்கு அந்த நேரம் கையில் கத்தி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் நான் பார்த்தது மனுசனை அல்ல, அண்ணையை. அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. அது அங்கேயே கிடந்தது, பின்னால் ஒன்றுமில்லாமல்.

"அப்ப," என்றார் அண்ணை, "அவ என்னைப் பாக்கேல்லை."

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அண்ணை, அப்படியெண்டா எழும்பினது நீங்களாத்தானே! உங்கட முயற்சி. ஹம்சினியும் அதைத்தானே சொன்னவ. பைப் தண்ணியில எழும்பினியள், அது இன்னும் பெரிசு." உண்மையைத்தான் சொன்னேன். ஒரு மனிதருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தானே செய்து, தானே தூக்கி, தானே சொல்லிக்கொண்ட மனிதர். ஒரே ஒருமுறை இன்னொருவர் தன்னைத் தூக்கியதாக நினைத்திருந்தார்.

அவர் நல்ல கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினார். "அதைத் தா."

"அண்ணை!"

"அதுதானே மாதாவின்ர தண்ணி. தா."

யாரோ "சீ" என்றார்கள். டெய்சி ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, விசுவாசத்தோடு குடித்தால் ஒன்றும் செய்யாது, அட்டையும் ஆண்டவர் படைத்ததுதான் என்றா. அவவின் நெஞ்சுக்குள்ளேயா அந்தத் தண்ணீர் போகப்போகிறது? மாவுகூடக் கலக்காத அழுக்குத் தண்ணீர் அண்ணையின் தொண்டைக்குள் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், வேலையில் பார்த்திருக்கிறேன். அண்ணை நீட்டிய கையை இறக்கவில்லை. கொடுத்தால் ஆள் சாகலாம், கொடுக்காவிட்டால் இனி எழும்பமாட்டார்.

முடிவெடுத்தவர் மனுசன். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது, தான் செய்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "வேண்டாம் மச்சான், வேண்டாம், நெஞ்சுக்குள்ள போயிடும்," என்று பெட்டியைப் பறித்துக்கொண்டு குசினிக்கு ஓடினார். அப்படியே சிங்குக்குள் கவிழ்த்தார். கதவு திறந்திருந்தது, அண்ணைக்கு நேரே தெரிந்தது. தண்ணீர் களக்களக்கென்று ஓட்டையால் போயிற்று. அட்டைகள் சிங்கில் ஒட்டிக்கொண்டு நெளிந்தன. அந்த வீட்டில் அண்ணைக்கு மனுசன் செய்த முதல் இரக்கம் அதுதான். அண்ணை நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்தார்.

அன்றோடு சரி. கட்டிலில் போய்ப் படுத்தவர் எழும்பவில்லை. ஹம்சினி வந்து கெஞ்சினாள், கோபப்பட்டாள், பகிடி விட்டாள். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "முயற்சியே பண்ணலேன்னா என்னை அனுப்ப மாட்டாங்க ஆன்ட்டி, சாரி," என்று சொல்லிவிட்டுப் போனாள், பிறகு வரவில்லை. செபக்கூட்டமும் வரவில்லை.

மனுசன் உடைந்துபோனார். தூண்டில்களைப் போலந்துக்காரனிடமே கொடுத்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் செய்தார். மே மாதம் லீவெடுத்துத் தனியாக லூர்துக்குப் போய்ப் பெரிய கானில் தண்ணீர் கொண்டுவந்து, கட்டிலடியில் முழங்காலில் நின்று கரண்டியை நீட்டினார். "மச்சான், இது பைப் இல்லை. சத்தியமா நானே பிடிச்சது. ஒரு கரண்டி." அண்ணை வாயைத் திறக்கவில்லை. மனுசன் என் முன்னாலேயே அழுதார். நான் கரண்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் அண்ணையைக் கழுவுகிற விதமே மாறிவிட்டது. முதல் இருந்த அந்த விஷ மரியாதை இல்லை. பிள்ளையைக் கழுவுவதுபோலக் கழுவுவார். தூக்கித் தூக்கி இடுப்பு நாரி பிடித்துவிட்டது, இனித் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். தூக்கினார். "ஒருக்கா எழும்புங்கோ மச்சான். எழும்பி என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ. செருப்புக் கதையைச் சொல்லுங்கோ," என்பார். அண்ணை பாதி வாயால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

போன கிழமை எனக்கு ட்ரெயினிங் என்று கூப்பிட்டுவிட்டு, பாதியிலேயே வீட்டுக்கு விட்டார்கள். மனுசன் அண்ணையின் மருந்து எடுக்க பார்மசிக்குப் போயிருந்தார். வீட்டு வாசலுக்கு வந்து ஹேண்ட்பேக்குக்குள் கதவுத் திறப்பைத் தேடுகிற நேரம் முன்னறை ஜன்னலைப் பார்த்தேன். திரைச்சீலை விலகியிருந்தது. அண்ணை நின்றுகொண்டிருந்தார். ஃபிறேம் இல்லை, ஜன்னல் கட்டையில் ஒரு கை மட்டும். நிமிர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல நின்றார்.

என்னைக் கண்டார். திடுக்கிடவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு திரும்பி, தள்ளாடாமல், காலை அளவாக வைத்து நடந்து போய்க் கட்டிலில் படுத்தார். நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது போர்வை கழுத்து வரைக்கும் இருந்தது.

"எப்ப இருந்து அண்ணை?"

"அவனுக்குச் சொல்லப்போறியோ?" என்றார். பேச்சுக்கூட முழுசாக வந்திருந்தது.

நான் பதில் சொல்ல முதல் வாசல் கதவு திறந்தது. மனுசன் நாரியைப் பிடித்துக்கொண்டு மருந்துப் பையோடு உள்ளே வந்தார். வந்ததும் மூக்கை உறிஞ்சினார். அண்ணை இதற்கிடையில் படுக்கையிலேயே போயிருந்தார். கழிவறை நாலடி தூரத்தில் இருக்க, வேண்டுமென்றே போயிருந்தார். "கொஞ்சம் பொறுங்கோ மச்சான், இந்தா வாறன்," என்று மனுசன் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கெற்றிலைப் போட்டார், பேசினை எடுத்தார், நாரி வலிக்க வலிக்கக் கட்டிலடியில் முழங்காலில் குந்தினார்.

ஒரு சொல் போதும். அவர் எழும்பிவிட்டார், உங்களுடைய பாவம் தீர்ந்தது என்று நான் சொன்னால் அந்த மனிதர் குழந்தைபோல அழுதிருப்பார். இரண்டு பேருக்கும் விடுதலை. அண்ணை எழும்ப வேண்டும் என்றுதானே இத்தனை மாதம் மாதாவிடம் மன்றாடினேன். எழும்பிவிட்டார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஐஸ்கிறீம் பெட்டியைச் சுரூபத்துக்கு முன்னால் வைத்த கை எனக்குத் தெரிந்தது. இப்போது அதே கை அண்ணையின் தொடை இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"தண்ணி சூடு காணாது," என்றேன். "போய் இன்னும் கொஞ்சம் சுட வைச்சுக் கொண்டுவாங்கோ."

"ஓம், ஓம்," என்று மனுசன் கட்டில் சட்டத்தைப் பிடித்து முனகிக்கொண்டு எழும்பினார். அண்ணை என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் அலுமாரியைத் திறந்து துவைத்த துவாய் ஒன்றை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.